முகம் கரைந்த பையன்

"அந்தச் சின்ன போட்டோவைக் கழட்டிக் குடு தம்பி. அது எம் பையன்."

காவலாளி தடுத்தும் கேட்காமல் கண்காட்சிக்குள் வந்துவிட்டாள் அந்தப் பெண். கட்டட வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். முழங்கை வரைக்கும் சிமெண்ட் காய்ந்து வெளுத்திருந்தது.

போன வருஷ வெள்ளத்தில் ஊறிப்போன குடும்பப் படங்களை வீடு வீடாகச் சேகரித்து, பெரிதாக்கி மாட்டியிருந்தான் புகைப்படக்காரன். ஒவ்வொன்றின் கீழேயும் சின்னதாக அசல் படம். 'தண்ணீர் திருத்தியவை' என்று கண்காட்சிக்குப் பெயர்.

அவள் காட்டிய படத்தில் ஒரு சிறுவன் நாற்காலி ஓரமாக நின்றிருந்தான். கழுத்துக்கு மேலே சாயம் கரைந்து, நீலமும் பழுப்புமாகப் பூசணம்.

"இது உங்க பையன் இல்லம்மா," என்றான் புகைப்படக்காரன்.

"நீ எப்படிச் சொல்ற? மூஞ்சியே இல்லையே!"

அவன் அந்தப் படத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"அந்தக் கோடு போட்ட சட்டை இரவல் சட்டை. ஒரு கையைப் பின்னாடி வச்சிருக்கான் பாரு, அதுல பிஸ்கட்டு. போட்டோ எடுக்கிறவரு புடுங்கிடுவாருன்னு ஒளிச்சுக்கிட்டான், திருட்டுப் பய!" சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "வீட்டோட அவனையும் இழுத்துட்டுப் போயிடுச்சு. ஒரு படம்கூட மிஞ்சல. இப்பல்லாம் நெனச்சுப் பார்த்தா மூஞ்சி வர மாட்டேங்குது தம்பி."

"சார், இப்படி ஆளாளுக்குக் கேட்டா சாயங்காலத்துக்குள்ள வெறும் சுவரைத்தான் காட்டணும்," என்றார் காவலாளி.

"பெரிசையே எடுத்துக்குங்கம்மா."

"அது எங்க வீட்டுச் சுவத்தவிடப் பெரிசா இருக்கு. சின்னது போதும். அவன் கை பட்ட காகிதம்."

புகைப்படக்காரன் திருப்புளியை எடுத்துச் சட்டத்தைக் கழற்றினான். படத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு நீட்டினான்.

"நனையாம பாத்துக்குங்க."

"இனிமே நனைஞ்சா என்ன," என்றாள். ஆனாலும் உறையின் வாயை இரண்டு மடிப்பாக மடித்து இறுக்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள்.

டீ வாங்கப் போயிருந்த புகைப்படக்காரனின் அக்கா திரும்பி வந்து, காலியான இடத்தைப் பார்த்து நின்றாள்.

"டேய், அது எங்க?"

"குடுத்துட்டேன்க்கா."

"புத்தி கெட்டுப் போச்சா உனக்கு? நம்ம வீட்ல அந்தத் தண்ணிக்குத் தப்பினது அது ஒண்ணுதான். உன்னோட நாலு வயசு போட்டோடா அது!"