புரியாமலிருக்க ஒரு வகுப்பு

மூன்று வயதாகியும் பேச்சு வராத அமுதனுக்காக, குழந்தைப் பயிற்சி மையம் பேசப் பழக்கும் கண்காணிப்புக் கருவி ஒன்றைக் கொண்டுவந்து வீட்டுச் சுவரில் மாட்டியது. அவன் குடத்தைப் பார்த்தாலே தாய் செண்பகவல்லி தம்ளரில் தண்ணீரை நீட்டிவிடுவாள். அன்றும் அப்படி நீட்ட, கருவி உடனே மணியடித்துக் கண்டித்தது: "சொல்லும் முன்பே தாய்க்குப் புரிந்துவிடுகிறது. இது பயிற்சிக்கு இடையூறு."

"பெத்தவளுக்குப் புரியாம வேற யாருக்குப் புரியும் தம்பி?" என்று மையத்து ஊழியரிடம் சண்டைக்குப் போனாள்.

"அதுக்குத்தான்க்கா உங்களுக்கும் ஒரு வகுப்பு வச்சிருக்கோம். வரலைன்னா கருவியைக் கழட்டிருவாங்க."

பிள்ளை பேச வேண்டுமே என்று போனாள். புரியாமலிருக்கக் கற்றுக்கொண்டு, முதல் வகுப்பில் தேறியும் வந்தாள்.

மறுநாள் அமுதன் அவள் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்தான். "என்ன ராசா வேணும்? வாயைத் திறந்து சொல்லு" என்றபடி அவள் கருவிக்குப் பயந்து அசையாமல் நின்றாள். மறுபடி இழுத்தான், மறுபடி கேட்டாள். அவன் கையை விட்டுவிட்டு வெளியே போய், துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அடுத்த வீட்டு மெகராஜின் முந்தானையைப் பிடித்தான்.

"ஏளா செண்பகம், பிள்ளைக்குப் பசிக்குதுல்ல? மூஞ்சியப் பாத்தா ஒனக்குத் தெரியல?" என்றாள் மெகராஜ்.

கருவி இனிய குரலில் அறிவித்தது: "பாராட்டுகள். குழந்தை தாயை எதிர்பார்ப்பது குறைந்துவிட்டது."