நான்காம் நாட்டு விசா

மின்னஞ்சல் வந்த சத்தம் கேட்டதும் கணவனும் மனைவியும் ஒன்றாக எழுந்தார்கள். ஆனால் மடிக்கணினியின் பக்கம் போக இருவருக்குமே தைரியம் வரவில்லை.

"நீயே படிச்சுச் சொல்லும்மா," என்றார் அவர், விடுமுறைக்கு வந்திருந்த மகளிடம். மனைவி கண்களை மூடி, உதடு மட்டும் அசைய, ஏதோ வேண்டிக்கொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். அவர் பஸ் டிப்போவில் கால அட்டவணை போடுகிறவர். ஏழு நாடுகள், எழுபத்தொரு நாட்கள், முழுக்க முழுக்கத் தரை வழியாகச் சொந்த வேனில் ஒரு பயணம் என்று ஆறு வருடமாகத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேசையில் பாதி வரைபடத்துக்குப் போய்விட்டது. மீதிப் பாதியில் குடும்பம் இடித்துக்கொண்டு சாப்பிட்டது.

எந்த எல்லைச் சாவடியை வெள்ளிக்கிழமை மூடிவிடுவார்கள், எந்த ஆற்றில் படகு வாரத்துக்கு ஒரு தடவைதான் வரும், எத்தனை கிலோமீட்டருக்கு டீசல் கிடைக்காது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. வழியில் ஒதுங்குவதற்குக்கூட நாளைக்கு நான்கு நிறுத்தம், நிறுத்தத்துக்கு ஆறு நிமிடம் என்று கட்டம் கட்டி எழுதி வைத்திருந்தார்.

"ஆறு நிமிஷம் பத்துமாங்க?" என்று மனைவி ஒரு தடவை கேட்டாள்.

"டிரைவர், கண்டக்டருக்கெல்லாம் அஞ்சுதான் குடுக்கறேன். உனக்காகத்தான் ஒண்ணு கூட்டிப் போட்டிருக்கேன்," என்றார் அவர் பாசத்தோடு.

அவருக்கு ஏழு விசாவும் வந்துவிட்டது. அவளுக்கு ஆறு வந்துவிட்டது. பாக்கி, அந்த நான்காம் நாடு. அங்கே இருப்பவர்கள் கறார் பேர்வழிகள். விண்ணப்பத்தில் ஓர் எழுத்துப் பிசகினாலும் தள்ளிவிடுவார்கள், மறுபடி கேட்க ஒரு வருடம் ஆகவேண்டும். அதுவரை பயணத்தைத் தள்ளிப்போடவும் வழியில்லை. வேனை எல்லை தாண்டிக் கொண்டுபோக வாங்கியிருந்த சுங்கப் பத்திரம் இந்த வருடத்தோடு காலாவதி. விசா வந்தால் ஜோடியாகப் பயணம், வராவிட்டால் அவர் மட்டும் போவார், அவள் வீட்டில் இருப்பாள்.

விண்ணப்பங்களை நிரப்புவது எப்போதும் அவள் வேலை, இணையத்தில் அனுப்புவது அவர் வேலை. இன்சூரன்ஸ் ஆபீசில் இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர் விண்ணப்பங்களில் தப்புக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்குகிறவள் அவள். அவள் கை பட்ட படிவம் இதுவரை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அந்த நம்பிக்கையில், அவள் எழுதியதைப் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கமே அவருக்குக் கிடையாது.

மகள் திரையைப் பார்த்தாள். இரண்டு வரி படித்ததும் துள்ளி எழுந்தாள்.

"அம்மாவுக்கும் கிடைச்சிருச்சுப்பா."

அவர் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவியின் கண்கள் கலங்கிவிட்டன. மகள் இருவருக்கும் நடுவில் தலையை நுழைத்துப் படம் எடுத்து, 'சந்தோஷத்துல ரெண்டு பேருக்கும் பேச்சே வரல' என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டாள். ஐந்து நிமிடத்தில் பெரியப்பா முதல் பேச்சுவார்த்தை இல்லாத சித்தப்பா வரை வாழ்த்திவிட்டார்கள்.

"சந்தோஷம்தானேங்க?" என்றாள் மனைவி.

"இதக் கேக்கணுமா?" என்றார் அவர் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே. பிறகு, மெக்கானிக் வந்திருப்பான், வேனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவர் தலை மறைந்ததும் அவள் போனை எடுத்துக்கொண்டு துணி காயும் மாடிக்குப் போனாள்.

"அக்கா, மோசம் போயிட்டேன். விசா வந்துருச்சு."

"எப்படிடி வரும்? தப்பாப் போட்டிருக்கேன்னு சொன்னியே."

"போட்டேன்க்கா. பாஸ்போர்ட் நம்பர்ல கடைசி எழுபத்திநாலு. நாப்பத்தேழுன்னு மாத்திப் போட்டேன். என் சர்வீஸ்லயே நான் வேணும்னு பண்ணின ஒரே தப்பு, அதக்கூட ஒருத்தன் கண்டுபிடிக்கல. என்ன லட்சணத்துல ஆபீஸ் நடத்தறாங்களோ."

"அன்னிக்கு விருந்துல எல்லார் முன்னாடியும் 'நானும் வரேன்'னு வாய விட்டது யாரு?"

"அத்தன பேர் நடுவுல கூப்பிட்டா மாட்டேன்னா சொல்ல முடியும்? எழுபத்தோரு நாள் வீடு எனக்கே எனக்குன்னு இருந்தேன்க்கா. நினைச்ச நேரத்துக்குத் தூங்கி, நினைச்ச நேரத்துக்கு எழுந்து..." அவள் நிஜமாகவே அழுதாள்.

தெருக்கோடிக் கொட்டகையில் வேன் பளபளவென்று நின்றது. மெக்கானிக் கதவுக்குள்ளிருந்து தலையை நீட்டினான்.

"அம்மாவும் வராங்களாமே சார். பக்கத்து சீட்டுக்கு நல்ல மெத்தையாப் போட்டுடவா?"

"போடு," என்றார் அவர். குரலில் சுரத்தே இல்லை. மாற்று டயர் ஒன்றை இழுத்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"என்ன சார், இப்படி இடிஞ்சு போய் உக்காந்துட்டீங்க?"

அவர் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ஆறு வருஷமா தனியா ஓட்டிட்டுப் போகணும்னுதான்யா ஆசைப்பட்டேன். அன்னிக்கு ஒரு பேச்சுக்குக் கூப்பிட்டு வச்சேன். அவ சரின்னுட்டா."

"இனிமே என்ன சார் பண்றது? விசாதான் குடுத்துட்டாங்களே."

"எப்படிக் குடுத்தான்னுதான் புரியல. அனுப்பறதுக்கு முன்னாடி, அவ நம்பர்ல கடைசி ரெண்ட நான்தான்யா இடம் மாத்தி வச்சேன்."