நடுவில் வீசும் காற்று

ஸ்ரீவராகத்து வீட்டுக் கூடத்தில் பத்மஜா கண்களை மூடி, கனவில் மிதப்பவள்போல ஊஞ்சலாடிக்கொண்டிருந்தாள். ஆபீஸிலிருந்து வந்த கணவன் நாகேஸ்வரன் சிரித்தான்.

“எந்தா பத்மா, பிஸிக்ஸ் டீச்சர் குழந்தையாயாச்சா?”

“ஸ்ஸ்... சிம்பிள் ஹார்மோனிக் மோஷன், அதான் இந்த ஊசலாட்டம், படிச்சுண்டிருக்கேன்.”

“வருஷா வருஷம் நீ நடத்தற பாடம்தானே?”

“போர்டுல அலை மாதிரி வரைஞ்சுட்டு வந்துடுவேன். இப்பதான் புரியறது. ஓரத்துக்குப் போனா ஒரு கணம் அப்படியே நின்னுபோறது. அங்கேருந்து யாரோ நடுவுக்கு இழுக்கறா. நடுவுல வேகம் கூடி, முகத்துல ஜிலுஜிலுன்னு காத்து அடிக்கறது, கேட்டோ!”

“கண்ணைத் திறந்துண்டு ஆடினா புரியாதா?”

“திறந்தா மறுபடி போர்டுல வரைஞ்ச படம்தான் ஞாபகம் வரும். க்ளாஸுல அஜிதான்னு ஒரு பொண்ணு. ‘பிஸிக்ஸ் வேண்டாம் டீச்சர், வேற க்ரூப்புக்கு மாறிக்கறேன்’னு இன்னிக்கு அழுதுட்டா. நாளைக்கு அவளை இங்கே வரச் சொல்லியிருக்கேன்.”

“படிப்பு ஏறலையாக்கும்?”

“கணக்கெல்லாம் அவதான் முதல்ல போடுவா. நான்தான் போர்டைக் காட்டிக் காட்டியே நடத்தறேன். அவளுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது.”

நாகேஸ்வரனின் சிரிப்பு நின்றது. பையைக் கீழே வைத்துவிட்டு ஊஞ்சலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். கண்களை இறுக மூடிக்கொண்டான்.

“ஆட்டு, பத்மா. எனக்கும் புரியட்டும்.”