செத்தவர் பேரில் ஒரு சாவி

இந்தக் காலத்து ஆட்களுக்கு ஆபீசுக்கு வாசல் வழியாக வருவதே கேவலமாகிவிட்டது என்று முனகியபடி, ஜும்மா தொழுகைக்கு முன் தோல் கம்பெனி ஆபீசைப் பூட்ட வருகிறார் வாட்ச்மேன் மஹபூப் பாஷா. ஜன்னல் வெயிலில் தோல் தூசி மிதக்கிறது. மூலையில், போன மழைக்காலத்தில் செத்துப்போன கணக்கர் தேவானந்தத்தின் நாற்காலி காலியாகக் கிடக்கிறது. அதற்கு எதிரே, கம்ப்யூட்டரில் அம்புக்குறி தானாக நகர்கிறது.

“இன்னாம்மா இது, ஆளே இல்லாம ஓடுது?”

“கம்ப்யூட்டர் பாக்குற நவீத் சார் சென்னையிலருந்தே உள்ள வர்றாரு பாய்,” என்கிறாள் இப்போது கணக்கு எழுதும் ஜெனிஃபா, டிபன் பாக்ஸைப் பையில் வைத்தபடி. “பயப்படாதீங்க, பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருக்கு. லாகின் மட்டும் இன்னும் தேவானந்தம் சார் பேருலயே வெச்சிருக்கோம். அவர் பேரை அழிக்க யாருக்கும் மனசு வரல.”

“செத்தவர் பேருல சாவியா? நாளைக்கு எதுனா காணாமப்போனா என் கழுத்தைத்தான் புடிப்பாங்க.”

அவளுடைய செல்போன் ஒலிக்கிறது. நவீத்தான். கேட்கக் கேட்க அவள் சிரிப்பு உதட்டிலேயே காய்கிறது. “அவரால இன்னும் உள்ளயே வர முடியலையாம் பாய். அப்ப இது யாரு?”

அம்புக்குறி நிதானமாக ஒவ்வொரு வரியாக இறங்குகிறது, தேவானந்தம் விரல் வைத்துக் கணக்குப் பார்ப்பதைப் போலவே. ஜெனிஃபா ஓடிப்போய்ச் சுவரிலிருந்து இன்டர்நெட் ஒயரைப் பிடுங்குகிறாள். அம்புக்குறி நிற்கிறது.

“போய்ட்டாங்க பாய்.”

“எப்படிப் போனாங்க? வாசல்ல நான்தான நிக்கிறேன்?”

ஜெனிஃபா பையைத் தோளில் மாட்டுகிறாள். அவளை வெளியே விட்டுக் கதவைப் பூட்டுகிறார். பூட்டை இழுத்துப் பார்க்கிறார், மறுபடியும் இழுத்துப் பார்க்கிறார். பாங்கு கேட்கிறது. பள்ளிவாசல் பக்கம் நடக்கிறார், அந்தப் பூட்டை நம்பாமலே.