நல்ல தண்ணீர்

சாயப்பட்டறைக் கழிவைச் சுத்திகரிக்கும் ஆலையில், நான்கு நாள் சோதனை முடிகிற காலை. ஆய்வுக்கூடத்துக் கலாமணி இரண்டு கண்ணாடித் தொட்டிகளுக்கு முன்னால் நின்றாள். ஒன்றில் சுத்திகரித்த சாயத்தண்ணீர். மற்றதில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, நல்ல தண்ணீர். இரண்டிலும் பத்துப் பத்து மீன்கள். குழாய்த் தண்ணீரின் குளோரின் மீனுக்கு ஆகாது என்று, அந்த நல்ல தண்ணீரை மூன்று வருடமாக அவள்தான் தன் வீட்டுக் கிணற்றிலிருந்து கேனில் கொண்டுவருகிறாள்.

அசையாத மீனைக் கண்ணாடிக் குச்சியால் தொட வேண்டும். தொட்டும் அசையாவிட்டால் செத்ததாகக் கணக்கு. சாயத்தண்ணீரில் குச்சிக்கு வேலையே இருக்கவில்லை, பத்தும் நீந்திக்கொண்டிருந்தன. கிணற்றுத் தண்ணீரில் ஒன்பதைத் தொட்டாள். ஒன்பதும் குச்சி தள்ளிய பக்கமாக ஒதுங்கி மிதந்தன. பத்தாவதை இரண்டு முறை தொட்டாள்.

மேலாளர் ஈஸ்வரமூர்த்தி எட்டிப் பார்த்தார். "நல்ல தண்ணியிலயே மீன் செத்துப்போச்சுன்னா டெஸ்ட் செல்லாதுங்க கலாமணி. இதைக் கொட்டிப்போட்டு, வேற தண்ணி கொண்டாந்து மறுபடி வைங்க."

"நாங்க குடிக்கறதே இதுதானுங்க சார்."

தொட்டியின் அடிவரை தெளிவாகத் தெரிந்தது. அவள் வீட்டுக்குப் போன் போட்டாள். கணவன் எடுத்தான்.

"பாப்பா எந்திரிச்சுட்டாளா?"

"எங்க, இன்னும் தூங்கறா. மணி ஏழுதான ஆச்சு."

அவள் கையிலிருந்த குச்சியின் நுனியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"போனை வெக்காதீங்க," என்றாள். "போயி அவளைத் தொட்டுப் பாருங்க."