லியாதனின் கத்தி

அயர்லாந்தின் மேற்கு மாகாணத்தில் ஊனமுள்ளவன் அரசனாக முடியாது. அதனால்தான் ஃபெர்கல் தன் அண்ணன்கள் இருவரின் கண்களையும் பிடுங்கிவிட்டு அரியணை ஏறினான். கடைசித் தம்பி எர்னானை மட்டும், சின்னப் பையன்தானே என்று விட்டுவைத்தான்.

ஃபெர்கல் காய்ச்சலில் செத்த அன்றே, எர்னான் ஆட்களோடு கோட்டைக்குள் நுழைந்துவிட்டதாகக் காவல்காரன் ஓடிவந்து சொன்னான். ஃபெர்கலின் மனைவி லியாதனுக்குப் புரிந்துவிட்டது. சின்னப் பையனென்று விட்டுவைத்து அண்ணன் செய்த தவற்றைத் தம்பி செய்யமாட்டான். அவள் தன் மகன் கோனலைச் சமையற்கட்டுக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

“எதுக்கும்மா?”

“கண்ணை மூடிக்கோ. அம்மாதானே.”

இறைச்சிக் கத்தியால் அவன் இடது காதை அறுத்தாள்.

அலறல் கேட்டுக் கதவை உடைத்துக்கொண்டு வந்த எர்னான், ரத்தத்தைப் பார்த்து நின்றான்.

“என்ன ஆச்சு அண்ணி?”

“நாய் கடிச்சிருச்சு.”

அவன் குனிந்து காயத்தைப் பார்த்தான். கத்தி போன தடம் நேராக இருந்தது. நிமிர்ந்து அண்ணியின் முகத்தைப் பார்த்தான்.

“இனி இவன் ராஜாவாக முடியாது” என்று சொல்லிவிட்டு, ஆட்களை வாளை உறையில் போடச் சொன்னான்.

லியாதன் மகனை அணைக்கக் கை நீட்டினாள். கோனல் வீறிட்டு ஓடி எர்னானின் கால்களைக் கட்டிக்கொண்டான்.

“சித்தப்பா, என்னைக் கூட்டிட்டுப் போயிடுங்க.”

எர்னான் அவனைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு வெளியே நடந்தான்.