சுவரில் ஏறிய ஈரம்

ஜெபராஜ் ஏழு வருடமாகப் படமாக்கக் கனவு கண்ட நாவலை வேறொருவர் படமாக்கிவிட்டார். படம் ஒரே வாரத்தில் தியேட்டரை விட்டுப் போனது. அதைத் தங்கள் விழாவில் திரையிடலாமா என்று அவன் இருந்த திரைப்படச் சங்கத்தில் விவாதம் நடந்தது.

"நாவல்ல பாதிகூட இல்லையே," என்றார் தலைவர்.

"அந்த வெள்ளக் காட்சிய யோசிச்சுப் பாருங்க சார்," என்று மல்லுக்கு நின்றாள் சபீனா. "தண்ணியவே காட்டல. சுவத்துல ஈரம் மட்டும் மெல்ல ஏறுது. ஊரே முழுகிட்டது நமக்குப் புரியுது."

அந்த இடத்துக்கு ஜெபராஜ் நோட்டில் நாற்பது பக்கம் வரைந்து வைத்திருந்தான். படகுகள், கூட்டம், மழை. ஒரு சுவர் போதும் என்று அவனுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

"உனக்குத்தான் நாவல் அத்துப்படி. நீ சொல்லுப்பா," என்றார் தலைவர்.

"வெள்ளம் எடுக்கத் தெரியாம சுவத்தக் காட்டி ஏமாத்திட்டாங்க சார்."

எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் பட்டியலில் அந்தப் படத்தின் பெயரை அடித்துவிட்டார்.

வாசலில் செருப்பு மாட்டும்போது சபீனா பக்கத்தில் வந்தாள்.

"வியாழக்கிழமை மதியக் காட்சிக்கு நானும் வந்திருந்தேன் அண்ணா. உங்களுக்குப் பின்வரிசை," என்றாள் மெதுவாக. "அந்தச் சுவர் வந்தப்போ நீங்க எழுந்து நின்னுட்டீங்க."